பார் கம்பி தங்காத சைக்கிள்

சாரல்குளம் மேல்நிலைப் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கத்து இலவச சைக்கிள் கொடுத்த அன்றைக்கு இடி இடிக்கவில்லை, மின்னல் வெட்டவில்லை, வானத்தில் ஒரு காக்கா கூடுதலாகப் பறக்கவில்லை. சேர்மன் வழக்கம்போலப் பிந்தி வந்தார், மைக் வழக்கம்போலக் கரகரத்தது, பிள்ளைகள் வழக்கம்போல இரண்டு வரிசையாக வெயிலில் நின்றார்கள், ஆண்பிள்ளை வரிசைக்கு முன்னால் கைப்பிடிக்கும் சீட்டுக்கும் நடுவே பார் கம்பி போட்ட சைக்கிள்கள், பெண்பிள்ளை வரிசைக்கு முன்னால் அந்தக் கம்பி இல்லாத சைக்கிள்கள், இசக்கிமுத்து என்று மைக்கில் கூப்பிட்டதும் இசக்கி போய்த் தன் சைக்கிளின் கைப்பிடியைத் தொட்டாள், தொட்டதும் பார் கம்பி இல்லாமல் போயிற்று.

அவ்வளவுதான் நடந்தது. சத்தம் இல்லை, புகை இல்லை, அறுத்த தடம்கூட இல்லை. அந்த இடத்தில் கம்பி என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பது மாதிரி நீலப் பெயிண்ட் வழவழவென்று ஓடியது. சேர்மன் கைதட்டினார், போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார், இசக்கி சிரித்தாள். இசக்கியை அவள் என்று சொல்ல ஊருக்கு இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும், பள்ளிக்கூட ரெக்கார்டில் ஆண்பிள்ளை, போட்டிருந்தது பேண்ட்டு சட்டை, நின்றது ஆண்பிள்ளை வரிசை. ஆனால் இசக்கிக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே அது தெரியும், ஆகையால் இந்தக் கதையும் ஊருக்காகக் காத்துக்கிடக்காமல் முதலிலிருந்தே அவள் என்று சொல்லிவிடுகிறது.

கம்பி இல்லாததை முதலில் கவனித்தவர் பி.டி. சார் உக்கிரபாண்டி. விசிலை வாயிலிருந்து எடுக்காமலே பேசத் தெரிந்த மனுஷன். "ஏலே இசக்கி, பொம்பளப் பிள்ளைக வண்டிய எதுக்குல எடுத்த? வை அங்கன" என்று அதட்டி, வேறொன்றை அவரே உருட்டிக்கொண்டு வந்து கொடுத்தார், கம்பி அவர் கண்ணெதிரே இருந்தது, இசக்கி கை வைத்தாள், இல்லை. மூன்றாவதையும் கொடுத்துப் பார்த்தார், அதுவும் அப்படியே. அப்போதுதான் உக்கிரபாண்டி சார் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "சரக்கு சரியில்ல. எவனோ ஏமாத்திட்டான்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வைத்துக்கொண்டார்.

அதே நேரத்தில் அந்தப்பக்கத்து வரிசையில் பேச்சியம்மாளுக்குக் கொடுத்த சைக்கிளில் ஒரு கம்பி முளைத்திருந்தது. சாயங்காலம் மணி அடித்து வெளியே வந்து பார்த்தால் இல்லை, மறுநாள் காலையில் இருந்தது, மத்தியானம் பாதி இருந்தது. "உனக்கு எந்த வண்டிதான்ட்டி வேணும்?" என்று சார் கேட்க, பேச்சி நகத்தைக் கடித்துக்கொண்டு நெடுநேரம் யோசித்து, "தெரியலையே சார்" என்று உள்ளதைச் சொல்லிற்று.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டும். சாரல்குளத்துக்காரர்கள் எதற்கும் அசருகிற ஜாதி இல்லை. மேற்கே மலை, தெற்கே குளம், நடுவில் வருஷம் பூராவும் வீசுகிற காற்று, அதில் கூரையே பறந்து போனாலும் போய் எடுத்துவந்து மறுபடி கட்டுகிறவர்கள், ஒரு கம்பி போனதற்கா வாயைப் பிளப்பார்கள்? சயின்ஸ் சார் வெயிலில் இரும்பு சுருங்கும் என்றார், விரியும் என்று அவரே பாடம் நடத்தியதை முதல் பெஞ்சுப் பிள்ளைகள் ஞாபகப்படுத்தியதும் சில இரும்பு அப்படி, சில இரும்பு இப்படி என்று முடித்துக்கொண்டார். வெல்டிங் பட்டறை அல்லாப்பிச்சை பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புதுக் கம்பி வைத்துப் பற்றவைத்தார், தட்டிப் பார்த்து "இனி யானை ஏறினாலும் போவாது" என்றார், யானை ஏறவில்லை, இசக்கி ஏறினாள், போய்விட்டது. வேட்டியைத் தூக்கிக் காலைப் போட முடியாமல் மூட்டுவலியோடு திண்டாடிக்கொண்டிருந்த பெரிய மனுஷர்கள் நாலைந்து பேர் தங்கள் பழைய சைக்கிள்களை உருட்டிக்கொண்டு இசக்கி வருகிற வழியில் நின்று, "தம்பி, ஒரு தொடு தொட்டுட்டுப் போப்பா" என்று கெஞ்சினார்கள். பாவம் பார்த்து எல்லாவற்றையும் தொட்டாள். ஒன்றிலும் ஒன்றும் நடக்கவில்லை. "அது அந்தப் பிள்ளைக்குள்ளது மட்டும்தான் போலிருக்கு" என்று அவர்களாகவே சமாதானப்பட்டு, நொண்டி நொண்டி வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தச் சமாதானம் ஊருக்கு வந்த வேகத்தில் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. பெரிய டீச்சர் கிரேஸ் லீலாவதி நல்ல மாதிரி, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் தன் பிளாஸ்கிலிருந்து கஞ்சி ஊற்றிக் கொடுக்கிறவர், ஆனால் மேலே இருந்து யாராவது வந்து கேட்டுவிடுவார்களோ என்கிற பயம் அவருக்கு இட்லிக்குள் உப்பு மாதிரி கலந்திருந்தது. ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை சைக்கிள் கொடுத்தோம் என்று எழுதிவிட்டு வெளியே கம்பி இல்லாத சைக்கிள் ஓடினால் என்ன பதில் சொல்வது? ஆகவே இசக்கி தொட்ட மூன்றையும் பேச்சியின் ஒன்றையும் உடைந்த பெஞ்சுகள் கிடக்கிற அறையில் போட்டுப் பூட்டினார். "ஒரு உத்தரவு வரட்டும். வந்ததும் தாரேன், மக்கா" என்றார். என்ன உத்தரவு, யார் போடுவார், எதைப் பற்றிப் போடுவார் என்று அவருக்கே தெரியாது.

இசக்கிக்கு அந்த சைக்கிள் வெறும் சைக்கிள் இல்லை. அவள் வீடு கொம்பன்பாறையில். அங்கேயிருந்து வந்துகொண்டிருந்த ஒரே பஸ் ஓடைப் பாலம் உடைந்ததோடு நின்றுபோனது, இனிப் பள்ளிக்கூடத்துக்கு ஓடைக்கரையோடுதான் நடக்க வேண்டும், ஓடைக்கரையில் பாட்டிலும் கையுமாக உட்கார்ந்திருக்கிற பையன்கள் அவள் நடையைப் பார்த்துக் கைதட்டுவார்கள், ஒருநாள் பையைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தார்கள். சைக்கிள் இருந்தால், நடக்கச் சுற்றான மேட்டுப் பாதையில் காற்றோடு காற்றாய்ப் போய்விடலாம், ஒரு பயல் தொட முடியாது. பத்தாம் வகுப்பு லீவு முழுக்க அவள் கண்ட கனவெல்லாம் அந்தக் கைப்பிடியும் மணியும்தான்.

பள்ளிக்கூடத்துக்குள் வந்துசேர்ந்த பிறகும் பாடு தீரவில்லை. காலையில் குடிக்கிற அரை டம்ளர் காப்பியோடு சரி, வீடு திரும்புகிறவரை இசக்கி ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாள். ஆண்பிள்ளைகள் கக்கூஸுக்குக் கதவு கிடையாது, வேடிக்கை பார்க்க ஆள் உண்டு. பெண்பிள்ளைகள் பக்கம் போனால் ஆயா விளக்குமாற்றை எடுப்பாள். குடிக்காவிட்டால் போக வேண்டாம் அல்லவா? ஆறாம் வகுப்பிலிருந்து அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். அடிவயிறு வலிக்கும், உதடு வெடிக்கும், மத்தியானத்துக்கு மேல் கரும்பலகை ஆடும். ஒரு தடவை பிரேயரில் மயங்கி விழுந்தாள். உக்கிரபாண்டி சார் சாப்பிடாமல் வந்திருக்கிறான் என்று நினைத்துப் பன் வாங்கிக் கொடுத்தார். நெஞ்சை அடைத்தும் தண்ணீர் கேட்காமல் அதைத் தின்று தீர்த்தாள்.

அம்மா சண்முகக்கனி பீடி சுற்றுகிறவள், மடியில் தட்டை வைத்துக்கொண்டே உலகத்து நியாயம் எல்லாம் பேசுவாள், ஆனால் பிள்ளை விஷயத்தில் மட்டும் வாய் திறந்ததில்லை; தெரியாமல் இல்லை, தன் கண்மையும் தோடும் அடிக்கடி இடம் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி அதே இடத்தில் வைத்துவிட்டுப் போகிறவள். பை நனைந்து வந்த அன்றைக்குத் தட்டைக் கீழே வைத்தாள். "போதும்ப்பா நீ படிச்சது. மாசக் கடைசில சித்தி கூடத் திருப்பூருக்குப் போயிரு. உசிரோட இருந்தாப் போதும் எனக்கு" என்றாள். சொல்லும்போது அழவில்லை, சொல்லி முடித்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள்.

மறுநாள் இசக்கி பெரிய டீச்சர் முன்னால் போய் நின்றாள்.

"டி.சி. வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன் டீச்சர்."

"எதுக்கு மக்கா? நல்லாத்தான படிக்க?"

"நடந்து வர முடியல டீச்சர்."

பூட்டிய அறையின் சாவி பெரிய டீச்சரின் மேசைமேலேயே கிடந்தது. அது வரைக்கும் அந்தப் பூட்டைப் போட்டது யாரோ மேலே இருக்கிறவர்கள் என்றுதான் அவர் மனசு நினைத்துக்கொண்டிருந்தது, இப்போது பார்த்தால் தன் கையால் போட்டது. பள்ளிக்கூடத்து விதிகளை எல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். நகம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு விதி இருந்தது, ரிப்பன் என்ன கலர் என்பதற்கு இருந்தது, ஆடு உள்ளே வந்தால் யார் விரட்ட வேண்டும் என்பதற்குக்கூட இருந்தது, எதிரே நிற்கிற பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு. கூட்டம் போடுதேன். அம்மாவக் கூட்டிட்டு வா" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளி மேலாண்மைக் கூட்டம் கூடியது. வாத்தியார்கள், பெற்றோர்கள், பால் சொசைட்டி வைகுண்டம், ஒரு மூலையில் கை கட்டியபடி அல்லாப்பிச்சை பாய், கதவோரம் சண்முகக்கனி. வெளியே வராண்டாவில் பூட்டிய அறைக்கு முன்னால் இசக்கியும் பேச்சியும் உட்கார்ந்திருந்தார்கள், ஜன்னல் வழியாக ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்து விழுந்தது.

உள்ளே எல்லாரும் சைக்கிளைப் பற்றிப் பேசினார்கள். பிள்ளையைப் பற்றிப் பேச ஒருவருக்கும் நாக்கு வரவில்லை, ஆகையால் சைக்கிளைப் பற்றி வெகு அக்கறையாகப் பேசினார்கள். சைக்கிளுக்கு என்னதான் குறை என்று ஒருவர் கேட்டார், குறை ஒன்றும் இல்லை நன்றாக ஓடுகிறது என்று இன்னொருவர் சொன்னார். திருப்பித் திருப்பிக் கம்பியைப் பற்றவைத்தால் இரும்பு நொந்துபோகும் என்றார் பாய். அந்த சைக்கிளை ஆண்பிள்ளை ஸ்டாண்டில் நிறுத்துவதா பெண்பிள்ளை ஸ்டாண்டில் நிறுத்துவதா என்று அரைமணி நேரம் வழக்கு ஓடியது, பாவம் தனியே எங்கேயாவது வேப்பமரத்தடியில் நிறுத்தலாம் என்றார் தமிழம்மா, தனியே நிறுத்தினால் காற்றைப் பிடுங்கிவிடுவான்கள் என்றார் கணக்கு சார். "சின்ன வயசு சைக்கிள், போகப்போகச் சரியாயிரும்" என்றார் வைகுண்டம். எல்லாரும் தலையாட்டினார்கள். வராண்டாவில் பேச்சி, இசக்கியின் காதோடு, "நம்ம சைக்கிளுக்கு இவ்வளவு சொந்தக்காரங்களா?" என்று கேட்டது. இசக்கிக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணும் நிறைந்தது, அவர்கள் ஒருவர்கூடத் தன் பெயரைச் சொல்லவில்லையே என்று இருந்தது.

அப்போதுதான் சண்முகக்கனி எழுந்து நின்றாள். இத்தனை வருஷம் திறக்காத வாய்.

"சைக்கிள் கதைய நிப்பாட்டுங்க சாமிகளா. எம்பிள்ள காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒண்ணுக்குப் போகாம இருக்கு. ஆறாப்புல இருந்து. அது எங்க போவணும்? அத மட்டும் சொல்லுங்க, நான் போயிருதேன்."

உக்கிரபாண்டி சார் விசிலை வாயிலிருந்து எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல், சட்டைப் பையில் போட்டார். பிரேயரில் மயங்கி விழுந்த முகமும் தான் வாங்கிக் கொடுத்த பன்னும் அவருக்கு ஞாபகம் வந்தன. "எனக்குத் தெரியாமப் போச்சேம்மா" என்றார்.

அதற்குப் பிறகு ஒருத்தரும் சைக்கிளைப் பற்றிப் பேசவில்லை. லேப்புக்குப் பக்கத்தில் முன்னொரு காலத்தில் யாரோ பெரிய அதிகாரி வருகிறார் என்று கட்டி, அவர் வராமலே போனதால் பூட்டிவைத்த தனிக் கக்கூஸ் ஒன்று இருக்கிறதே என்று தமிழம்மாவுக்கு நினைவு வந்தது. அதைத் திறந்துவிடலாம், இசக்கிக்கு மட்டும் என்று எழுதி ஒட்டி மானத்தை வாங்க வேண்டாம், எந்தப் பிள்ளைக்குத் தேவையோ அந்தப் பிள்ளை போகலாம் என்று பெரிய டீச்சர் சொன்னார். யூனிபாரம் பேண்ட்டோ சுடிதாரோ, இரண்டில் எதுவும் ஆகலாம். பிள்ளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறதோ அந்தப் பெயர். கைதட்டுகிறவன், பையைப் பிடுங்குகிறவன் எவனானாலும் தகப்பனோடு வந்து நிற்க வேண்டும்.

"எல்லாஞ் சரி டீச்சர்" என்று வைகுண்டம் இழுத்தார். "எனக்கும் பொட்டப்பிள்ள இங்க படிக்கி. நாளைக்கு எவனாவது விளையாட்டுக்கு நானும் அப்படித்தான்னு வந்து நின்னா?"

"சைக்கிளக் குடுத்துப் பாப்போம். கம்பி போச்சுன்னா நெசம்" என்றார் உக்கிரபாண்டி சார். உதவி செய்கிற ஆர்வத்தில்தான் சொன்னார்.

"வேண்டாம் சார்" என்றார் பெரிய டீச்சர். அந்தக் குரலை அதுவரை அந்தப் பள்ளிக்கூடம் கேட்டது இல்லை, மேலே இருக்கிறவர்களுக்குப் பயப்படாத குரல். "கம்பியப் பாக்க வேண்டாம். பிள்ளை சொன்னாக் கேப்போம், அது போதும். எல்லாப் பிள்ளைக்கும் தாழ்ப்பாள் உள்ள கதவு, உம்ம பிள்ளைக்கும் சேத்துத்தான். எவனும் விளையாட்டுக்கு ஆறு வருசம் தண்ணி குடிக்காம இருக்க மாட்டான், வைகுண்டம்."

வைகுண்டம் தலையை ஆட்டினார். "அதுவும் சரிதான். பூராவுக்கும் கதவு போடுங்க, பொம்பளப்பிள்ளைக பக்கமும் தாழ்ப்பாள் ஆடுதுன்னு எம்மக சொல்லுவா" என்றார்.

பெரிய டீச்சர் சாவியை எடுத்துக்கொண்டு வராண்டாவுக்கு வந்தார். இசக்கிக்கு முன்னால் குனிந்து, "உன்ன எப்படி மக்கா கூப்பிட?" என்று கேட்டார்.

"இசக்கின்னே கூப்பிடுங்க டீச்சர். அது அம்மன் பேருதான. முத்து மட்டும் வேண்டாம்."

பிறகு பேச்சியைப் பார்த்தார். பேச்சி முந்திக்கொண்டு, "எனக்கு இன்னும் தெரியல டீச்சர். வீட்ல சொல்லிருவீங்களா?" என்றது.

"நீ சொல்லச் சொன்னாச் சொல்லுதேன். தெரியுறப்போ எங்கிட்ட வா. தெரியாட்டியும் வா, சும்மா வந்து பேசிட்டுப் போ" என்றார். பேச்சியின் சைக்கிளில் அன்றைக்குக் கம்பி முக்கால்வாசி இருந்தது. இசக்கியின் முதல் சைக்கிளோடு அதையும் அப்படியே வெளியே எடுத்துக் கொடுத்தார்கள், அதுவும் நன்றாகத்தான் ஓடியது.

லேப்புப் பக்கத்துக் கக்கூஸ் பூட்டு துருப்பிடித்துக் கிடந்தது, அல்லாப்பிச்சை பாய் ஒரே அடியில் உடைத்தார். உள்ளே ஒட்டடைக்கு நடுவில், சுவரோரமாக, மூன்று நீலக் கம்பிகளும் பாய் பற்றவைத்த பெயிண்ட் அடிக்காத கம்பியும் அடக்கமாகச் சாய்ந்து நின்றன. "ஓகோ, இங்கனதான் இருக்கீங்களா?" என்று பாய் அவற்றை விசாரித்தார். கதவில் தாழ்ப்பாள் இல்லாததைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், மறுபேச்சில்லாமல் நீலத்தில் ஒன்றை அறுத்து வளைத்துத் தாழ்ப்பாள் ஆக்கினார், மிச்ச நீலம் இரண்டையும் பெண்பிள்ளைகள் பக்கத்துக்கும் கதவே இல்லாத ஆண்பிள்ளைகள் பக்கத்துக்கும் வைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "இது போவாது. இது இருக்க வேண்டிய இடம் இதுதான்" என்றார்.

கொம்பன்பாறைக்குத் திரும்பும்போது சண்முகக்கனி பின்னால் கேரியரில் உட்கார்ந்துகொண்டாள், ஜென்மத்தில் சைக்கிளில் ஏறாதவள், மகளின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மேட்டுப் பாதையில் காற்று தள்ளிக்கொண்டு போயிற்று, கீழே ஓடைக்கரையில் இருந்தவன்கள் அண்ணாந்து பார்ப்பதற்குள் வண்டி தாண்டிவிட்டது. திருப்பூர்ப் பேச்சை அம்மா எடுக்கவில்லை. இறக்கத்தில் சக்கரம் சறுக்கியபோது மட்டும் பதறிப்போய், "ஏட்டி, மெதுவாப் போட்டீ!" என்று கத்தினாள்.

பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற அந்த வார்த்தையை அம்மா தன்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. இசக்கி பிரேக்கைப் பிடிக்கவில்லை, இன்னொரு தடவை கத்தட்டும் என்று இன்னும் வேகமாக மிதித்தாள்.

திங்கட்கிழமை பிரேயரில் உக்கிரபாண்டி சார் ஆண்பிள்ளை வரிசை, பெண்பிள்ளை வரிசை எல்லாவற்றையும் கலைத்து, வகுப்பு வாரியாக, குட்டை முன்னால், நெட்டை பின்னால் என்று நிறுத்தினார். எதற்கு சார் என்று கேட்டவர்களிடம் இதுதான் பார்க்க நேராக இருக்கிறது என்றார். இன்டர்வெல் மணி அடித்ததும் இசக்கி நேரே குழாயடிக்குப் போனாள். ஒரு கையைக் குவித்துக் கொஞ்சம் குடித்துப் பார்த்தாள், பயம் விடவில்லை. பிறகு இரண்டு கையையும் குவித்தாள், பிறகு கையை எடுத்துவிட்டுக் குழாயிலேயே வாயை வைத்தாள், மலைத்தண்ணீர் மடக்கு மடக்காக உள்ளே இறங்கியது, முகம் நனைந்தது, சட்டை நனைந்தது, நெஞ்சுக்குள் ஆறு வருஷமாகக் காய்ந்து கிடந்த இடமெல்லாம் நனைந்தது. மூன்றாவது பீரியட் பாதியில் அவள் எழுந்து, எல்லாப் பிள்ளைகளையும் போல ஒரு விரலைக் காட்டினாள், கணக்கு சார் எல்லாப் பிள்ளைகளிடமும் போலச் சலித்துக்கொண்டு போய்வா என்றார்.

லேப்புப் பக்கம் யாரும் இல்லை. உள்ளே போய் நீலத் தாழ்ப்பாளைத் தள்ளினாள், அது டக்கென்று விழுந்தது. வெளியே கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற உக்கிரபாண்டி சார், அந்தப் பக்கமாக வந்த இரண்டு பயல்களை, "இங்கன என்னல வேல? கிளாஸுக்கு ஓடு" என்று விரட்டிக்கொண்டிருந்தார். அவசரமே இல்லாமல் வெளியே வந்தாள் இசக்கி. கையைக் கழுவினாள். மறுபடியும் தாகமாக இருந்தது, மறுபடியும் குடித்தாள்.